கொசுவுக்குச் சாம்பிராணி

முத்தாபுதுப்பேட்டைக் கொசுக்களைப் பற்றிக் கலியமூர்த்தி டீக்கடையில் சொன்னவற்றில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் இங்கே சொல்ல முடியும். தள்ளிய பாதியை நம்பவேண்டுமானால் இன்னும் இரண்டு டீ குடிக்க வேண்டியிருக்கும்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர் தோளில் புகை மெஷினை மாட்டி டர்ரென்று கிளப்பினால் அந்தக் கொசுக்கள் ஓடுவதில்லையாம். வருமாம். குமணன்சாவடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற கூட்டமும் அதில் உண்டாம். தலைக்குக் குளித்த பெண்கள் கூந்தலை விரித்துச் சாம்பிராணி பிடிப்பதைப் போல, இறக்கையை விரித்துக்கொண்டு புகையில் வரிசையாக நிற்குமாம்.

"நேத்து ஒரு கெழக் கொசு," என்பார் கலியமூர்த்தி. முகத்தில் ஒரு சுருக்கம் அசையாது. "காதாண்ட வந்து, 'இன்னா நைனா, வாசன கம்மியா கீது'ன்னு கேக்குது. ஸ்டாக்கு இல்லன்னேன். மொறச்சிகினு பூட்ச்சு."

தண்ணீர் லாரி ஓட்டும் குணசேகரனுக்கு டீ புரையேறும். போன வாரம் தன் லாரியின் முன்சக்கரத்தில் விழுந்த ஓட்டைகூட ஆணியால் விழுந்ததல்ல என்று அவர் எடுத்துக்கொடுப்பார். கலியமூர்த்தி அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அது வேறு ஊர்க் கொசு, நம்முடையது ரப்பரைத் தொடாது என்பார்.

பொய் சொல்வதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. அதனால் தனக்கு ஒரு லாபமும் வரக் கூடாது, பிறருக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது. ஒரே ஒரு பொய்தான் இந்த ஒழுங்கை மீறியது. அதைச் சொல்லும்போதும் அவர் முகம் அசையவில்லை.

பதினான்கு வருஷமாகச் சுகாதார ஆபீஸில் கொசுப் புகை அடிக்கிறவர். எண்ணெய் நிரப்பிய மெஷின் ஒரு ஆட்டுக்குட்டியின் கனம் இருக்கும். அதைச் சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிவிட்டது. பஜாரில் தையல்காரர் அவருக்கு அளவே எடுப்பதில்லை. இடப்பக்கம் ஒரு விரற்கடை குறைத்து வெட்டிவிடுவார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நடப்பார். பின்னாலேயே தெருப் பிள்ளைகள் கூச்சலோடு ஓடிவரும். புகை நடுவில் அவர் தலை மட்டும் தெரிவதைப் பார்த்தால் தேரில் சாமி வருகிற மாதிரி இருக்கும். வீட்டுக்காரப் பெண்கள் கதவைத் திறந்துவைத்து, அண்ணாத்தே, கொல்லைப்பக்கம் ஒரு சுத்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு சுத்து என்று கூப்பிடுவார்கள். சில வீடுகளில் மோர் வரும்.

அவர் மனைவி வேம்புலியம்மாளுக்கும் அதே ஆபீஸில்தான் வேலை. ஆனால் அவளுக்கு எந்தக் கதவும் திறக்காது.

அவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பார்க்கிறவள். ஒரு டார்ச், கொசுப்புழுவை உறிஞ்சி எடுக்க மை ஃபில்லர், புழு இருந்தால் தெரிகிற வெள்ளைக் கிண்ணம், தொட்டியில் ஊற்றுகிற மருந்து பாட்டில், ஒரு சாக்பீஸ். டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருக்கும் தட்டை இழுத்துப் பார்ப்பாள். மணிபிளான்ட் பாட்டிலைக் கவிழ்ப்பாள். பார்த்து முடித்ததும் வாசல் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. அந்த ஐம்பதில் இருபது வீடாவது, வீட்டில் யாருமில்லை என்று உள்ளேயிருந்து பதில் சொல்லும்.

பிரதான சாலையில் புதிதாக வந்த அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில், ஈரோட்டுப் பக்கத்துப் பையன் ஸ்ரீநாத் குடியிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கைக்குழந்தை. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வீணாக்காமல் ஒரு பக்கெட்டில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதில் அவனுக்குப் பெருமை. வேம்புலி அந்தப் பக்கெட்டைக் காலால் தள்ளிவிட்டாள். அவன் அவளைப் படம் பிடித்து, இந்த அம்மாவை யார் உள்ளே விட்டது என்று அடுக்குமாடிக்காரர்களின் குழுவில் போட்டான். ஆபீஸுக்கும் போன் செய்தான். அடுத்த தடவை போனபோதும் அவள் தள்ளினாள்.

யார் வேலை பெரிது என்பது வீட்டில் தினப்படிச் சண்டை. அவர் வந்ததும் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்தால்தான் தட்டு வைப்பாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில்கூட டீசல் வாசனை வருகிறது என்பாள். அவர் தனக்கு வந்த மோரைப் பற்றிச் சொல்வார். அவள் தன்மேல் வந்த நாயைப் பற்றிச் சொல்வாள்.

"இன்னாமே, எவனாவது உன்னப் பாத்து ஒரு கும்புடு போட்டிருக்கானா?"

"நீ சாவடிக்கிறது நூறு. நான் பொறக்கவுடாம பண்றது ஆயிரம். பொறக்காதது வந்து கும்புடு போடுமா? கம்னு சோத்த துன்னு."

இப்போது அந்தப் பொய்.

புகை மருந்தைக் கலக்க ஓர் அளவு உண்டு. ஒரு பங்கு மருந்துக்குப் பத்தொன்பது பங்கு டீசல். ஷெட்டில் அளந்துதான் கொடுப்பார்கள். அவருக்கு விட்ட தெருக்களுக்கு அது சரியாக இருக்கும். ஆனால் கடைசித் தெருவைத் தாண்டி ஓடைக்கரையில் நாற்பது வீடு புதிதாக முளைத்திருந்தது. பத்திரத்தில் அதற்கு ஏதோ நகர் என்று பேர். ஊரில் ரெண்டுங்கெட்டான் தெரு என்பார்கள். இரண்டு ஊர்களின் எல்லைக் கோடு நடுவில் போவதால் அது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தீர்மானமாகவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மழையில், அந்தத் தெருவில் ராஜம்மா என்கிற பெண் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள். எங்க தெருவுக்கும் ஒரு சுத்து வாண்ணா என்றாள்.

மருந்து இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குணசேகரன் லாரியிலிருந்து ஒரு கேன் டீசல் கொடுத்தார். இருந்த கலவையில் அதை ஊற்றிக் குலுக்கி அடித்தார். டீசல் கூடினால் புகை அடர்த்தியாக வரும். ரெண்டுங்கெட்டான் தெரு வெள்ளையாக மறைந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. பிறகு காலையிலேயே அந்தத் தெருவையும் கணக்கில் சேர்த்து, ஒன்றுக்கு நாற்பதாகக் கலந்துவிடுவார். எல்லாத் தெருவுக்கும் அதுதான். புகை முன்னைவிடப் பிரமாதமாக வந்தது. கலி அடித்தால்தான் புகை என்று பேர் வந்தது. மருந்தில் ஒரு சொட்டை அவர் விற்றதில்லை. எடுத்துக்கொண்டதெல்லாம் காலியான ஒரு மருந்து டின். எட்டுத் தரம் கழுவி, வீட்டுக்குப் பின்னால், கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், கைகால் கழுவ வைத்திருந்தார்.

புரட்டாசியில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நிவேதிதா என்கிற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கறுப்புக் கப்புகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஓரத்தில் ஒரு துண்டுத் துணி தொங்கவிட்டு, வீடு வீடாக வைத்தாள். கொசு அந்தத் துணியில் முட்டையிடும். அதை எடுத்துப்போய் ஆபீஸின் பின்னறையில் தட்டுகளில் பொரிக்கவைத்து, மீனுக்குப் போடுகிற தீனியைப் போட்டு வளர்த்தாள். கலியமூர்த்தி தினமும் எட்டிப் பார்ப்பார். கொசுவுக்குச் சோறு போட்டு வளர்க்கிற ஒரு வீட்டை அவர் பொய்யாகக்கூட அதுவரை சொன்னதில்லை. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது.

வளர்ந்த கொசுக்களில் நூறை எடுத்து, மருந்து தடவிய காகிதம் சுற்றிய குழாய்களில் ஒரு மணி நேரம் அடைத்தாள். பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து, மறுநாள் எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இங்க எடுத்த நூறுல முப்பத்தி நாலுதான் செத்துச்சு. குத்தம்பாக்கத்துலேர்ந்து எடுத்த நூறுல தொண்ணூத்தி ஒம்போது செத்துச்சு. மருந்தும் ஒண்ணுதான், காகிதமும் ஒண்ணுதான்."

கலியமூர்த்தி குழாயைப் பார்த்தார். கால்களில் வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று பஞ்சில் உட்கார்ந்து சர்க்கரை குடித்துக்கொண்டிருந்தது. அவர் டீக்கடையில் சொன்ன கிழக்கொசு அதுவாகவே இருக்கலாம் என்று தோன்றியது. தான் சொன்ன பொய் உண்மையாகி எதிரில் உட்கார்ந்திருப்பதை அவர் முதல் தடவையாகப் பார்த்தார்.

"பழகிட்ச்சா மேடம்? மொளகா துன்னு துன்னு பழகுற மாரி?"

"பழகறது இல்லண்ணா. ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பொறக்கும்போதே தாங்கற உடம்போட பொறக்கும். ஒண்ணுக்குத் தோல் தடிமன், மருந்து உள்ள போகாது. இன்னொண்ணு உள்ள போன விஷத்தையே உடைச்சுப் போட்டுடும். மத்ததை எல்லாம் நாம கொன்னுடறோம். மீதி நிக்கறதுதானே முட்டை போடும்? அடுத்த தலைமுறையில ஆயிரத்துல நாப்பது. அப்புறம் நானூறு."

பட்டாள ஊரான ஆவடியில் பிறந்தவருக்கு இது புரியாமல் போகுமா? இருபது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது அவரும் வரிசையில் நின்றவர். ஓடவிட்டு, மார்பளந்து, சோப்ளாங்கிகளைத் தள்ளி, தேறினவனை உள்ளே எடுப்பார்கள். அவருக்கு மார்பு அரை அங்குலம் போதவில்லை. இப்போது, தான் தெருத் தெருவாக நடத்தியதும் அதே ஆள் எடுப்புத்தான் என்று பட்டது.

நிவேதிதா நோட்டைத் திறந்தாள். "முழு அளவுல அடிச்சா அரைகுறையாத் தாங்கறதும் சேர்ந்து செத்துடும். மருந்து கொறஞ்சா அதுங்க தப்பிச்சு வேகமாப் பெருகும். அதனாலதான் கேக்கறேன். கலக்கற அளவு இங்க சரியா இருக்கா? சரியா இருந்தும் இப்படின்னா, மருந்தை மாத்தச் சொல்லி எழுதணும். அளவு தப்புன்னா, புது மருந்து வந்தாலும் கொஞ்ச வருஷத்துல இதே கதிதான்."

"ஒன்னுக்குப் பத்தொம்போது மேடம்," என்றார் கலியமூர்த்தி. "ஒரு சொட்டு மாறாது."

அவள் எழுதிக்கொண்டாள்.

ஐப்பசி முழுக்க விட்டு விட்டு மழை. காலையில் கொட்டும், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில் அடிக்கும். கார்த்திகை பிறந்த நாலாம் நாள் வேம்புலி வேலைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்து படுத்தாள். வேலையிலிருந்து பாதியில் வருகிறவள் இல்லை. கண்ணுக்குப் பின்னால் குடைகிறது என்றாள். எலும்பை யாரோ கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். மடக்கு மடக்காக நிலவேம்புக் கஷாயம் ஊற்றினாலும் சூடு இறங்கவில்லை. நாலாம் நாள் காலையில் இறங்கியது. கலியமூர்த்தி கஞ்சி வைத்து, வடு மாங்காய் எடுத்து வைத்து, பிழைத்தாய் போ என்றார். அவள் வாயைக் கொப்பளித்தாள். தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, டெங்கு என்றார். காய்ச்சல் விட்டதும் பிழைத்ததாக நினைப்பதுதான் தப்பு, இனிமேல்தான் கவனம் என்றார். ஒன்றரை லட்சம் இருக்கவேண்டிய பிளேட்லெட் என்கிற தட்டணு இருபத்தெட்டாயிரத்தில் நின்றது. இரண்டு கையிலும் சலைன் ஏற்றினார்கள். வேம்புலி கண்ணைத் திறந்து, வார்டு மூலையில் பூஜாடிக்குக் கீழே தட்டில் தண்ணீர் நிற்கிறது, கொட்டச் சொல்லு என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றி முதலில் கொசுப்புழுவைத் தேடவேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். தேடுகிறவள் வேம்புலிதான், அவள் வார்டில் கிடந்தாள். சுகாதார இன்ஸ்பெக்டர் கிருபாகரன், உன் ஊடுதானே கலி, நீயே பாத்துடு என்று அவளுடைய பையை எடுத்துக் கொடுத்தார்.

கலியமூர்த்தி அந்த டார்ச்சைப் பிடித்ததில்லை. பகல் பதினோரு மணிக்கு அதை அடித்துக்கொண்டு சொந்த வீட்டைச் சுற்றி வந்தார். வாசல் சுவருக்கு வந்தபோதுதான் பார்த்தார். ஊரில் எல்லா வீட்டுச் சுவரிலும் அவள் சாக்பீஸில் போட்ட தேதி இருக்கும். ஒன்றை அழித்து ஒன்று, அதன் மேல் ஒன்று. இவர்கள் வீட்டுச் சுவர் மட்டும் வெறுமனே இருந்தது. ஐம்பது வீடு பார்த்துவிட்டு வருகிறவள் ஐம்பத்தோராவதைப் பார்த்ததில்லை.

டேங்க் மூடியிருந்தது. ஃபிரிட்ஜ் தட்டு காய்ந்திருந்தது. ஆட்டுக்கல்லைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பின்னால் போனார். மருந்து டின் விளிம்பு வரை மழைத்தண்ணீரோடு நின்றது. ஒரு நாள் அவள் அதைக் கொட்டப் போனபோது அவர்தான் தடுத்தார். மருந்து டின்னாண்ட எந்தக் கொசு வரும்மே என்று சொன்னார். அவளும் அதை விட்டுவிட்டாள்.

வெள்ளைக் கிண்ணத்தில் ஒரு மொள்ளு மொண்டார்.

புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நெளிந்தன. டின்னின் பக்கவாட்டில் மண்டையோட்டுப் படம் இன்னும் அழியாமல் இருந்தது. முகர்ந்து பார்த்தார். மருந்து வாசனை லேசாக இருந்தது. ஒன்றுக்கு நாற்பதுகூட இல்லை, ஒன்றுக்கு நாலாயிரம் இருக்கும். அவர் கலந்ததிலேயே மெல்லிய கலவை அதுதான்.

கிண்ணத்தை மூடி சைக்கிளில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். மருந்து டின்னுக்குள் புழு என்றதும் கிருபாகரன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "புதுக் கதையா கலி? கொசுவுக்கு நீயே பிரசவ ஆஸ்பத்திரி கட்டிட்டியா?" வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கலியமூர்த்தி அவர்களைத் தாண்டிப் பின்னறைக்குப் போனார்.

நிவேதிதா கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டின்னில் எடுத்ததா என்றாள். எடுத்ததுதான் என்றார். அந்த டின்னை வீட்டுக்கே கொண்டுபோயிருக்கக் கூடாது, அதில் கை கழுவியிருக்கவே கூடாது என்று முதலில் திட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"மேடம், அந்த நோட்ட எடுங்க. ஒன்னுக்குப் பத்தொம்போதுன்னு எழுதுனீங்களே, அத்த அடிங்க. ஒன்னுக்கு நாப்பது. ஒம்போது வருசமா. ரெண்டுங்கெட்டான் தெருவுக்கும் சேத்து இஸ்துகினு அடிச்சேன்."

அவள் பேனாவை எடுக்கவில்லை. அவர் கதை சொல்கிறவர் என்று அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள்.

"நெசமா மேடம். நான் சொன்னதுல நெசம் எதுன்னு எனக்கே கண்டுபுடிக்க கஸ்டம். இது நெசம். என் பொண்டாட்டி படுத்துகினு கீறா."

அவள் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, இது அவர் ஒருவருடைய வேலை மட்டும் இல்லை என்றாள். வீட்டுக்கு வீடு பகலெல்லாம் எரிகிற கொசுவத்திச் சுருள், சுவரில் சொருகுகிற திரவம், கையில் பிடித்து அடிக்கிற ஸ்பிரே, வயலில் தெளிப்பது, எல்லாமும் சேர்ந்துதான் அந்தக் கொசுக்களைப் பொறுக்கியெடுத்தன என்றாள். தெருவில் அடிக்கிற புகை, வீட்டுக்குள் கட்டில் அடியில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கொசுவுக்கு எட்டுவதே பாதிதான் என்றும் சொன்னாள்.

"அதுல என் பங்கு எவ்ளோன்னு மட்டும் எழுதுங்க. தள்ளுபடி வோணாம்."

கிருபாகரன் மெஷினை அன்றைக்கே வாங்கி ஷெட்டில் பூட்டிவிட்டார். வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம். கேட்பார் இல்லை. கலப்பவரே தானாக வந்து சொன்னதால்தான் சோதனைக்கு அர்த்தம் கிடைத்தது என்று நிவேதிதா தன் அறிக்கையில் ஒரு வரி எழுதினாள். அந்த ஒரு வரியைக் கிருபாகரன் இரண்டு தரம் படித்துவிட்டு, தண்ணி பாக்குறதுக்கு ஆள் பத்தல, நாளையிலேர்ந்து அதுக்கு வா என்றார். அந்த வரியை எழுதிய கையையும் படித்த கண்ணையும் கலியமூர்த்தி கடைசி வரை மறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தட்டணு பதினாறாயிரம் ஆனது. பல்லீறில் ரத்தம் நிற்கவில்லை. தட்டணு ஏற்றவேண்டியிருக்கும், ரத்தம் கொடுக்கிறவர்கள் நாலைந்து பேரைக் கூட்டிவரச் சொன்னார் டாக்டர். கலியமூர்த்திக்குப் போக வேறு இடம் தெரியவில்லை. டீக்கடைக்குப் போனார்.

"வேம்புலிக்கு ரத்தம் வோணும். அதுல தட்டணு ஒன்ற லட்சம் இருக்கணுமாம். பதினாறாயிரந்தான் கீதாம்."

பெஞ்சிலிருந்த ஒருவன் வடையைப் பிட்டுக்கொண்டே கேட்டான். "மீதி எங்க அண்ணாத்தே, கொசு தூக்கினு பூட்ச்சா?"

"ஆமாம்," என்றார் கலியமூர்த்தி.

கடை முழுக்கச் சிரித்தது. பதினான்கு வருஷமாக அவர் சொல்லிக்கொடுத்த சிரிப்பு. இதற்கு மேல் என்ன சொன்னாலும் கதைதான் ஆகும் என்று அவருக்குத் தெரிந்தது. குணசேகரன்தான் முதலில் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"டேய், கம்னு இருங்கடா. அவுரு மூஞ்சப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அந்த முகம் அசைந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது தாடை தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

குணசேகரன் லாரித் தண்ணீரை ரெண்டுங்கெட்டான் தெருவில் இறக்கிவிட்டுக் காலி லாரியோடு வந்தார். அந்தத் தெருவிலிருந்தே ஆறு பேர் அதில் ஏறியிருந்தார்கள். அவர்களில் ராஜம்மாவின் புருஷனும் ஒருவன். ஒன்பது வருஷத்துக்கு முன் தோளில் கிடந்த குழந்தை இப்போது நாலாவது படிக்கிறது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ரீநாத் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். செய்தி அடுக்குமாடிக் குழுவுக்கும் போயிருந்தது.

"ஏனுங்ண்ணா, பக்கெட்டைத் தள்ளிவுட்ட அக்காதானுங்களே? எனக்கும் ஓ பாசிட்டிவ்ங்க."

அவன் நர்சுக்குக் கையை நீட்டிக்கொண்டே மீதியைச் சொன்னான். அக்கா இரண்டாம் தடவை பக்கெட்டைத் தள்ளியபோது பால்கனித் தரையில் ஓடிய தண்ணீரில் புழு நெளிந்ததை அவன் பார்த்துவிட்டான். அங்கிருந்து ஒரு எட்டு எடுத்து வைத்தால் குழந்தையின் தொட்டில். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு நாள் அடுக்குமாடி முழுக்கப் பக்கெட்டையும் தட்டையும் கவிழ்க்க வைத்தான். இந்த மழையில் சுற்றிலும் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. அவர்கள் பிளாக்கில் யாருக்கும் வரவில்லை.

"ஒரு நன்றி சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. அக்கா மறுபடியும் வந்தப்ப, கதவத் தொறந்து, சும்மா நின்னுட்டேன்."

கலியமூர்த்தி இடதுதோள் இறங்கியபடியே கைகூப்பினார். அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கூப்பினார். நர்ஸ் வழியை விடச் சொன்னதும் அவளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நாற்பதாயிரம். அறுபது. இளநீர் குடித்துவிட்டு வேம்புலி கேட்ட முதல் கேள்வி, யார் ரத்தம் கொடுத்தார்கள் என்பதல்ல.

"எங்க இருந்துச்சு?"

சொன்னார். டின்னைச் சொன்னார். ஒன்றுக்கு நாற்பதைச் சொன்னார். அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினி வருசத்துல நீ சொன்ன எதுவுமே நான் நம்புனதில்லய்யா," என்றாள். "மருந்து டின்னாண்ட கொசு வராதுன்னு சொன்னியே, அத்த ஒன்னத்தான் நம்புனேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கை அவர் இறங்கிய தோளில் வந்து விழுந்தது. மெஷின் இல்லாத தோள் எப்படியிருக்கிறது என்று பார்க்கிற மாதிரி அழுத்திப் பார்த்தது.

"யார்யா குடுத்தாங்கோ?"

பேரைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பேருக்கும் அவள் ஓர் இடத்தைச் சொன்னாள். பக்கெட். உடைந்த சிமெண்ட் தொட்டி. மாடியில் மூடாத டிரம். ஆளைவிட அவர்கள் வீட்டுத் தண்ணீர்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. சொல்லும்போதே கண்ணோரம் நனைந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துவிடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அன்று, வாசலில் நின்று திருஷ்டி கழிக்கக்கூட விடவில்லை. ஒரு கையில் டார்ச், மறு கை அவர் தோளில். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். டின் ஆபீஸுக்குத் திரும்பிப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அதில் டார்ச்சை அடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு வாசல் சுவருக்கு வந்து, சாக்பீஸால் தேதி போட்டாள். எழுத்து சரிந்தது. கையெழுத்து வைக்காமல் சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

"வேலைக்கு வந்துட்டல்ல? போடு."

அவர் போட்டார்.

மறுநாள் காலையில் ரெண்டுங்கெட்டான் தெருவில் முதல் கதவைத் தட்டினார். புகை மெஷின் எங்கே அண்ணாத்தே என்று ராஜம்மா கேட்டாள். மெஷின் இல்லை, உன் டேங்க்கைப் பார்க்கவேண்டும் என்றார். வீட்டில் வேலை நடக்கிறது, அப்பால வாங்க என்று கதவு சாத்திக்கொண்டது. மோர் வரவில்லை. கலியமூர்த்தி அங்கேயே நின்றார். வேம்புலி இத்தனை வருஷம் நின்ற இடம் அது. அதில் நிற்க இடம் கிடைத்ததே பெரிது என்று பட்டது. மறுபடியும் தட்டினார். கதவு திறந்தது.

சாயங்காலம் டீக்கடையில் அவரைச் சுற்றி வழக்கம்போல நாலு பேர் சேர்ந்தார்கள். குணசேகரன் புதிதாக ஏதாவது உண்டா என்றார். கலியமூர்த்தி டீயை ஊதிக் குடித்தார். முகம் பழையபடி அசையாமல் இருந்தது.

"இன்னிக்குக் காலைல அந்தக் கெழக் கொசு ஊட்டாண்ட வந்துச்சு. சொவுத்துல போட்ட தேதியப் படிச்சுது. ரெண்டு தபா படிச்சுது. அப்பால கீழ என் கையெழுத்தப் பாத்துட்டு, 'இன்னா நைனா, நீயுமா'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பூட்ச்சு."

யாரும் சிரிக்கவில்லை. குணசேகரன் எழுந்து போய், லாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த பக்கெட்டைக் கழற்றி, அதிலிருந்த மழைத்தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து மாட்டினார்.